கணினிக் கேள்வி–பதில்: பிட்காயின் நோடுக்கு ஓர் இணையப் பக்கம்

சென்ற மாதம் பிட்காயின் கோர் மென்பொருளை வீட்டிலுள்ள ஒரு சிறிய கணினியில் நிறுவி, முழு நோடாக, அதாவது எல்லாப் பரிவர்த்தனைகளையும் தானே சரிபார்க்கும் பிட்காயின் வலையமைப்புக் கணினியாக, ஓட்டுவது பற்றி இப்பகுதியில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. திரையும் விசைப்பலகையும் இல்லாமல் அலமாரி மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்பதைக் கைப்பேசியிலோ மடிக்கணினியிலோ உலாவி வழியாகப் பார்ப்பது எப்படி என்பதுதான் கேள்வி. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

பிட்காயின் கோருடன் வரைகலைச் சாளரம் வருகிறது; ஆனால் இணையப் பக்கம் வருவதில்லை. அதை ஏன் மென்பொருளுக்குள்ளேயே சேர்க்கவில்லை? மூலநிரல் திறந்திருப்பதால் நானே சேர்த்துவிடலாமா?
– கோயம்புத்தூர் வாசகர்

சேர்க்க முடியும், சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. நோடின் உள்ளே ஏற்கெனவே ஒரு சிறிய எச்டிடிபி சர்வர் இருக்கிறது. அது 8332 என்ற போர்ட்டில் (எண்ணிட்ட இணைப்பு வாசலில்) காத்திருந்து, ஜேசன் என்ற எழுத்துத் தரவு வடிவில் வரும் கட்டளைகளைப் பெற்று, ஜேசன் வடிவிலேயே பதில் சொல்கிறது. இதைத்தான் ஆர்பிசி என்கிறோம். நோடுகள் ஒன்றோடொன்று பேசும் 8333 வேறு. இந்த 8332 உரிமையாளரான உங்களுக்கு மட்டும் உரியது. எனவே அடித்தளம் தயாராகத்தானே இருக்கிறது, மேலே நான்கு பக்கங்களை ஒட்டிவிட்டால் என்ன என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் அந்த ஒரே நிரலுக்குள்தான் பரிவர்த்தனைகள் அடங்கிய தொகுதிகளைச் சரிபார்க்கும் பகுதியும், பணப்பையைப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பணத்தைச் செலவிட வேண்டிய மறைசாவிகளும் குடியிருக்கின்றன. உள்நுழைவுப் பக்கம், குக்கி, வார்ப்புரு, படங்கள் என்று இணையப் பக்கத்துக்கு வேண்டிய ஒவ்வொன்றையும் அதே வீட்டுக்குள் கொண்டுவரும்போது, அவற்றில் ஏற்படும் சிறு ஓட்டையும் நேரே பெட்டகத்தில் போய்த் திறக்கும். வேறு நாணயங்களில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 2013இல் வந்த என்எக்ஸ்டி, உலாவியில் 7876 போர்ட்டைத் திறந்தால் பணப்பை தெரியும்படியே வடிவமைக்கப்பட்டது. எத்தீரியத்துக்கான பாரிட்டி நோடும் 8180 போர்ட்டில் தன் பணப்பைப் பக்கத்தைத் தானே வழங்கிவந்தது. பிறகு 2018 வாக்கில் அதைத் தனிச் செயலியாகப் பிரித்தெடுத்துவிட்டார்கள். பிரித்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

நீங்கள் எழுத வேண்டியது ஒரு தனி நிரல். அது நோடுக்கும் உலாவிக்கும் நடுவில் நிற்கும். நோடிடம் ஆர்பிசியில் பேசும். உலாவிக்குப் பக்கத்தைத் தயாரித்துக் கொடுக்கும். கீழே வரும் பதில்களில் 'நடுநிரல்' என்று இதைத்தான் குறிப்பிடுகிறேன். பைத்தான், கோ, நோட்.ஜேஎஸ் என எதில் வேண்டுமானாலும் எழுதலாம். சில நூறு வரிகளில் முடிந்துவிடும்.

நடுவில் எதற்கு இன்னொரு நிரல் என்று, பக்கத்திலுள்ள ஜாவாஸ்கிரிப்டிலிருந்தே 8332க்குக் கோரிக்கை அனுப்பினேன். முதலில் 405 என்ற பிழையும், கோர்ஸ் அனுமதி (வேறு தளத்தின் பக்கம் பதிலைப் படிப்பதற்கான அனுமதி) இல்லை என்ற செய்தியும் வந்தன. என்ஜின்எக்ஸ் என்ற இணைய சர்வரை முன்னால் வைத்து, எல்லாத் தளங்களுக்கும் அனுமதி தரும் எச்டிடிபி தலைப்பைச் சேர்த்ததும் அருமையாக வேலை செய்கிறது. நோடு 127.0.0.1இல் மட்டுமே கேட்கிறது என்பதால் பாதுகாப்பானதுதானே?
– ஈரோடு வாசகர்

தயவுசெய்து இந்த இதழைக் கீழே வைத்துவிட்டு, அந்தத் தலைப்பை முதலில் நீக்கிவிட்டு வாருங்கள்.

127.0.0.1 என்பது 'இந்தக் கணினிக்குள்ளிருந்து மட்டும்' என்று பொருள்படும் முகவரி. வெளியாள் வர முடியாது என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம். ஆனால் உங்கள் உலாவி அதே கணினிக்குள் இருக்கிறது. அந்த உலாவியில் செய்தித்தளம், விளம்பரம், யாரோ அனுப்பிய இணைப்பு என்று முன்பின் தெரியாத நூறு பேருடைய நிரல்கள் ஓடுகின்றன. அவற்றில் எதுவும் 127.0.0.1க்கு ஒரு கோரிக்கையை அனுப்பிப் பார்க்கலாம். அதாவது பூட்டிய வாசலுக்கு உள்ளே ஏற்கெனவே கூட்டம் உட்கார்ந்திருக்கிறது.

இது கற்பனைக் கவலை அன்று. பிட்காயினின் தொடக்ககால ஆர்பிசிக்குக் கடவுச்சொல்லே கிடையாது. நோடு ஓடும் கணினியிலேயே இணையத்தையும் மேய்ந்தால், ஏதோ ஒரு தீய பக்கம் உள்ளூர் போர்ட்டுக்குக் கோரிக்கை அனுப்பி நாணயங்களை மாற்றிவிடக்கூடும் என்பதை உணர்ந்த பிறகு, 2010ஆம் ஆண்டின் நடுப்பகுதியில்தான் கடவுச்சொல் கட்டாயமானது. அப்படி அனுப்பும் பக்கத்துக்குப் பதிலைப் படிக்க அனுமதி இல்லாவிட்டாலும் கவலையில்லை; 'அனுப்பு' என்ற கட்டளை போய்ச் சேர்ந்துவிட்டால் போதும், பதில் எதற்கு?

எட்டு ஆண்டுகள் கழித்து அதே கதை இன்னும் மோசமான வடிவில் திரும்பியது. எலெக்ட்ரம் என்ற புகழ்பெற்ற பணப்பைச் செயலி, தன் உள்ளூர் ஆர்பிசிக்குக் கடவுச்சொல் வைக்காமல், எந்தத் தளமும் பதிலைப் படிக்கலாம் என்று நீங்கள் சேர்த்திருக்கும் அதே தலைப்பையும் அனுப்பிக்கொண்டிருந்தது. செயலி திறந்திருக்கும்போது பயனர் ஒரு தீய பக்கத்தைத் திறந்தால், அந்தப் பக்கம் போர்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எலெக்ட்ரத்தைக் கண்டுபிடித்து, கடவுச்சொல் இடப்படாத பணப்பையைக் காலிசெய்துவிட முடியும். 2018 ஜனவரியில் கூகுளின் பாதுகாப்பு ஆய்வாளர் டேவிஸ் ஓர்மாண்டி இதை வற்புறுத்திச் சுட்டிக்காட்டியபின் அவசரமாக 3.0.4 பதிப்பு வந்தது. அதுவும் முழுமையாக அடைக்கவில்லை என்பதால் உடனே 3.0.5 வந்தது.

உங்களுக்குக் கிடைத்த 405 என்பது ஒரு கோளாறு அல்ல என்பதை இப்போது புரிந்துகொள்ளலாம். வேறொரு தளத்திலிருந்து கடவுச்சொல்லுடன் கோரிக்கை அனுப்பும்முன், உலாவி 'அனுமதி உண்டா?' என்று ஆப்ஷன்ஸ் வகையில் ஒரு முன்கேள்வி கேட்கும். பிட்காயின் கோரின் ஆர்பிசி போஸ்ட் வகையைத் தவிர வேறு எதையும் ஏற்பதில்லை. ஆகவே 405 சொல்லி அனுப்பிவிடுகிறது. உலாவியும் அதோடு நின்றுவிடுகிறது. நீங்கள் என்ஜின்எக்ஸ் கொண்டு உடைத்தது அந்தக் கதவைத்தான். தவிர, பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டில் ஆர்பிசி கடவுச்சொல்லை எழுதியிருப்பீர்கள். அந்தப் பக்கத்தைத் திறக்கிற யாரும் மூலத்தைப் பார்த்து அதை எடுத்துக்கொள்ளலாம். தலைப்பை நீக்குவதோடு அந்தக் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

நடுநிரல் எழுதினாலும் இந்த ஆபத்து தானாக விலகிவிடாது. தீய தளம் ஒன்று தன் பெயருக்குரிய முகவரியை நடுவழியில் 127.0.0.1 என்று மாற்றிச் சொல்லி, உலாவியை ஏமாற்றி உங்கள் நடுநிரலைத் தன்னுடைய தளமே என்று நம்பவைக்கும் தந்திரம் ஒன்று உண்டு. அதற்கு எதிராக, வரும் கோரிக்கையின் 'ஹோஸ்ட்' தலைப்பில் நீங்கள் வைத்த பெயர் இருக்கிறதா என்று நடுநிரல் பார்க்க வேண்டும். வேறு பெயர் இருந்தால் பதிலே சொல்லக்கூடாது. எத்தீரியத்தின் கெத் நோடு 2018 முதல் இதை இயல்பாகவே செய்கிறது. உள்நுழைவும் கட்டாயம் வையுங்கள். வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு உள்நுழைவுக் குக்கி போகாமல் தடுக்கும் 'சேம்சைட்' கட்டுப்பாட்டையும் இடுங்கள்.

நடுநிரல் எந்தக் கடவுச்சொல்லைக் கொண்டு நோடிடம் பேச வேண்டும்? குக்கி கோப்பு, ஆர்பிசிஆத் என்று இரண்டு வழிகள் தென்படுகின்றன.
– திருநெல்வேலி வாசகர்

கடவுச்சொல் எதையும் நீங்கள் அமைக்காவிட்டால், நோடு ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தரவு அடைவில் '.குக்கி' என்ற கோப்பில் ஒரு புதிய இரகசியத்தை எழுதிவைக்கும். அந்தக் கோப்பைப் படிக்க முடிந்தவர் நோடின் முழு உரிமையாளர். கட்டளை வரியில் நீங்கள் உட்கார்ந்து வேலை செய்வதற்கு இது மிக நல்ல ஏற்பாடு, நடுநிரலுக்கு ஏற்றதன்று. ஏனென்றால் ஆர்பிசி உலகில் 'பார்க்க மட்டும் உரிமை உள்ளவர்' என்று ஒரு வகுப்பு இயல்பாக இல்லை. உள்ளே வந்தவர் தொகுதி எண்ணைக் கேட்கலாம், நோடை நிறுத்தலாம், பணப்பை திறந்திருந்தால் பணத்தையும் அனுப்பலாம்.

ஆகவே நடுநிரலுக்கென்று தனிப் பெயர் ஒன்றை ஆர்பிசிஆத் வழியாக உருவாக்குங்கள். மூலநிரலுடன் வரும் சிறு பைத்தான் நிரல் ஒன்று பெயரைக் கொடுத்தால், அமைவுக் கோப்பில் ஒட்டவேண்டிய வரியையும் கடவுச்சொல்லையும் தரும். அமைவுக் கோப்பில் கடவுச்சொல் அப்படியே கிடக்காது. உப்பிட்டுக் குழைத்த, அதாவது திரும்பப் படிக்க முடியாதபடி சிதைத்த, வடிவம்தான் இருக்கும். அதன்பின் ஆர்பிசிவைட்லிஸ்ட் என்ற அமைப்பில், அந்தப் பெயருக்கு எந்தெந்தக் கட்டளைகள் மட்டும் செல்லும் என்று எழுதுங்கள். 2020இல் வந்த 0.20 பதிப்பு முதல் இது உண்டு. பார்க்கும் பக்கத்துக்கு கெட்பிளாக்செயின்இன்ஃபோ, கெட்நெட்வொர்க்இன்ஃபோ, கெட்பியர்இன்ஃபோ, கெட்மெம்பூல்இன்ஃபோ, எஸ்டிமேட்ஸ்மார்ட்ஃபீ என்ற ஐந்தே போதும். வேறு எதைக் கேட்டாலும் நோடு 403 சொல்லிவிடும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. நானும் அதில் விழுந்தவன்தான். ஒருவருக்கு வைட்லிஸ்ட் எழுதிய மறுகணமே, பட்டியல் இல்லாத மற்ற எல்லாருக்கும் வெற்றுப் பட்டியல் இருப்பதாக நோடு எடுத்துக்கொள்ளும். மறுதொடக்கம் செய்தபின் உங்கள் சொந்தக் கட்டளை வரிக்கே 403 வரும்; நோடு கெட்டுவிட்டது என்று நினைத்து இரவெல்லாம் தேடுவீர்கள். ஆர்பிசிவைட்லிஸ்ட்டிஃபால்ட் என்பதை 0 ஆக்கினால் தீர்ந்தது.

அந்த நோடில் பணப்பையே வேண்டாம் என்றால் டிஸேபிள்வாலட் என்பதை 1 ஆக்கிவிடுவது எல்லாவற்றிலும் நல்லது. இல்லாத பெட்டகத்தை யாரும் உடைக்க முடியாது. பிட்காயினுக்கு மேலே ஓடும் விரைவுப் பணமாற்ற வலையான லைட்னிங்கின் எல்என்டி நோடில் இவ்வளவு சுற்று தேவைப்படாது; அங்கே மக்கரூன் என்ற அனுமதிச் சீட்டுகள் உண்டு, அவற்றில் படிக்க மட்டும் உரிய சீட்டு தனிக் கோப்பாகவே கிடைக்கிறது.

கணினியை மறுதொடக்கம் செய்தால் சில நிமிடங்களுக்கு என் பக்கம் 'நோடு செயலிழந்துவிட்டது' என்று காட்டுகிறது. பிறகு தானே சரியாகிவிடுகிறது. இன்னொன்று: முதல் முறை ஒத்திசைக்கும்போது தொகுதிகளில் பாதியைத் தாண்டிய பிறகும் முன்னேற்றப் பட்டை ஓரத்திலேயே கிடந்தது. என் கணக்கில் பிழையா?
– மதுரை வாசகர்

இரண்டிலும் நோடு உண்மையைத்தான் சொல்கிறது. பக்கம்தான் தவறாக மொழிபெயர்க்கிறது.

தொடங்கும்போது நோடு தொகுதி அட்டவணையை ஏற்றி, கடைசித் தொகுதிகள் சிலவற்றை மீண்டும் சரிபார்க்கும். அந்த நேரத்தில் எதைக் கேட்டாலும் -28 என்ற பிழை எண்ணும், கூடவே தான் செய்துகொண்டிருக்கும் வேலையின் பெயரும் வரும். இணைப்பே கிடைக்காதது வேறு, -28 வருவது வேறு. முன்னதற்கு 'நோடு ஓடவில்லை' என்றும், பின்னதற்கு 'நோடு விழித்துக்கொண்டிருக்கிறது' என்றும் காட்டினால், பதறிப்போய் மின்சாரத்தை அணைக்கிற குடும்பத்தார் கொஞ்சம் பொறுத்திருப்பார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் தரவுத்தளம் சிதைந்து, நாள்கணக்கில் மீண்டும் கட்டவேண்டி வரலாம் என்பதால் இதைச் சிறிய விஷயமாக விட்டுவிடாதீர்கள்.

முன்னேற்றப் பட்டைக்கு வருவோம். கெட்பிளாக்செயின்இன்ஃபோ தரும் 'வெரிஃபிகேஷன்ப்ராக்ரஸ்' என்ற எண், தொகுதிகளை எண்ணிச் சொல்வதில்லை. பரிவர்த்தனைகளை மதிப்பிட்டுச் சொல்கிறது. தொடக்க ஆண்டுகளின் தொகுதிகள் கிட்டத்தட்ட காலியானவை. இன்று சங்கிலியின் உயரம் 9 லட்சத்தைத் தாண்டிவிட்டது; அதில் பாதியான நான்கரை லட்சமாவது தொகுதி 2017 ஜனவரியில் வந்தது. மொத்தப் பரிவர்த்தனைகளில் ஐந்தில் ஒரு பங்குகூட அதற்குள் அடங்காது. பாதித் தூரம் வந்தும் பட்டை ஓரத்தில் கிடந்ததற்கு அதுவே காரணம். நடந்த தூரத்தைவிடச் செய்த வேலையைக் காட்டுவதே நேர்மையானது, அதை மாற்றாதீர்கள். அது மதிப்பீடு என்பதால் பழைய பதிப்புகளில் முழு 1 ஆக நிற்காமல் 0.99999 என்றே இருந்துகொண்டிருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். 'முடிந்தது' என்று அறிவிக்க, அந்த எண்ணை 1உடன் ஒப்பிடாமல், அதே பதிலில் வரும் 'இனிஷியல்பிளாக்டவுன்லோட்' என்பது பொய் என்று மாறிவிட்டதா என்று பாருங்கள்.

சில தொகைகள் பக்கத்தில் 5e-8 என்று தெரிகின்றன. சடோஷியாக மாற்றிக் காட்டினால் சில இடங்களில் ஒரு சடோஷி குறைகிறது. நோடு தவறாகச் சொல்கிறதா?
– சென்னையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி

இல்லை. நோடு தன்னுள் எல்லாத் தொகையையும் சடோஷி என்ற முழு எண்ணில்தான் வைத்திருக்கிறது. ஒரு பிட்காயினுக்கு 10 கோடி சடோஷி. ஆர்பிசி பதிலில் மட்டும் அதை எட்டுத் தசம இடங்களுடன் எழுதுகிறது. அந்த எழுத்தை ஜாவாஸ்கிரிப்ட் படிக்கும்போது மிதவைப் புள்ளி எண்ணாக மாற்றிவிடுகிறது. உலாவியின் கன்சோலைத் திறந்து 0.29ஐ 10 கோடியால் பெருக்கிப் பாருங்கள்: 28999999.999999996 என்று வரும். நீங்கள் தசமத்தை வெட்டியிருப்பீர்கள்; ஒரு சடோஷி போய்விட்டது. மிகச் சிறிய எண்களை அம்மொழி அடுக்குக்குறியில் எழுதுவதால் 5 சடோஷி 5e-8 ஆகிறது.

மாற்றத்தை நடுநிரலிலேயே முடித்துவிடுங்கள். பைத்தானில் ஜேசனைப் படிக்கும்போது தசம எண்களை 'டெசிமல்' வகையாக எடுக்கச் சொல்லலாம். பிறகு 10 கோடியால் பெருக்கி முழு எண்ணாக உலாவிக்கு அனுப்புங்கள். பிட்காயினின் மொத்த அளவே 2.1 கோடி என்பதால், எல்லாவற்றையும் சடோஷியாக்கினாலும் ஜாவாஸ்கிரிப்ட் பிழையின்றித் தாங்கும் வரம்புக்குள் வசதியாக அடங்கிவிடும். எத்தீரியத்தில் இந்த வசதி இல்லை. ஓர் ஈதர் என்பது வெய் என்ற அலகில் 1க்குப் பின் 18 சுழியங்கள். அது அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது. அங்கே தொகையை எழுத்துச் சரமாகவே அனுப்ப வேண்டும்.

கட்டண விகிதத்திலும் இதே கவனம் தேவை. எஸ்டிமேட்ஸ்மார்ட்ஃபீ ஆயிரம் மெய்நிகர் பைட்டுக்கு இத்தனை பிட்காயின் என்று சொல்லும்; மக்கள் பேசுவதோ ஒரு பைட்டுக்கு இத்தனை சடோஷி என்று. 0.00001 என்று வந்தால் அது 1 சடோஷி. அதாவது ஒரு லட்சத்தால் பெருக்க வேண்டும்.

பக்கத்தை நான், மனைவி, மகன் மூவரும் கைப்பேசியில் திறந்து வைத்தால் திடீரென்று 503 பிழை வருகிறது. நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கும்படி எழுதியிருக்கிறேன்.
– திருச்சி வாசகர்

நொடிக்கு ஒருமுறை எதற்கு? தொகுதி சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்றுதான் வருகிறது. ஒவ்வொரு கைப்பேசியும் ஒவ்வொரு நொடியும் ஐந்து கட்டளைகளைக் கேட்டால், நோடின் வரிசை நிரம்பிவிடும். பல ஆண்டுகள் அந்த வரிசையின் இயல்பான நீளம் 16ஆகத்தான் இருந்தது. வரிசைக்கு மேல் வந்தவற்றை 503 சொல்லித் திருப்பி அனுப்பும். வரிசையை நீட்டுவதற்கு அமைப்பு உண்டு என்றாலும், அது நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலைத் தணிப்பது போலாகும்.

நடுநிரல் மட்டும் பத்து விநாடிக்கு ஒருமுறை நோடிடம் கேட்டு, விடையைத் தன் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். எத்தனை பேர் திறந்தாலும் அந்த ஒரே விடையைப் பரிமாறட்டும். புதிய தொகுதி வந்த கணமே தெரிய வேண்டும் என்றால், நோடின் ஜீரோஎம்க்யூ அறிவிப்பை 127.0.0.1இல் இயக்கி, நடுநிரலில் அதைக் கேட்டு, உலாவிக்குத் தள்ளிவிடலாம். அந்த அறிவிப்புக்குக் கடவுச்சொல் இல்லை. வெளி முகவரியில் அதைத் திறக்க வேண்டாம்.

வெளியூரில் இருக்கும்போதும் பார்க்க வேண்டும். ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிட்டால் போதுமா?
– புதுச்சேரி வாசகர்

வேண்டாம். நோடின் 8332 என்றால் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டவே வேண்டாம். அந்த ஆர்பிசி பொது இணையத்தின் தாக்குதலைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டதன்று. முன்பு அதிலிருந்த எஸ்எஸ்எல் என்ற மறையாக்க வசதியைக்கூட 2016இல் 0.12 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். இன்று அதன் வழியே போகும் கடவுச்சொல் மறையாக்கமின்றித்தான் போகும்.

திறந்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எத்தீரியமே சாட்சி. கெத் நோடின் ஆர்பிசி இயல்பாக உள்ளூரில் மட்டும், 8545 போர்ட்டில், கேட்கும். வெளியிலிருந்து பார்க்கும் வசதிக்காகப் பலர் அதை எல்லா முகவரிகளிலும் திறந்துவைத்தார்கள். கணக்குகள் பூட்டித்தானே இருக்கின்றன என்ற நம்பிக்கை. திருடர்கள் இணையம் முழுவதும் 8545ஐத் தேடி, கிடைத்த நோடிடம் 'இந்த முகவரிக்கு எல்லாவற்றையும் அனுப்பு' என்ற கட்டளையைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். உரிமையாளர் என்றாவது ஒருநாள் தன் சொந்தத் தேவைக்காகக் கணக்கைத் திறப்பார். இயல்பாக அது 300 விநாடிகள் திறந்திருக்கும். அந்த இடைவெளியில் வந்து விழும் திருடனின் கட்டளையும் நிறைவேறிவிடும். 2018 ஜூனில், ஒரு கும்பல் மட்டும் இப்படி 38,000க்கும் அதிகமான ஈதரை, அன்றைய மதிப்பில் 2 கோடி டாலருக்கு மேல், சேர்த்திருப்பதாகச் சீனாவின் கிஹூ 360 நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

உங்களுக்கு மூன்று வழிகள் உண்டு. மடிக்கணினியிலிருந்து பார்ப்பதானால் எஸ்எஸ்எச் என்ற மறையாக்கச் சுரங்கம் போதும். கைப்பேசிக்கு வயர்கார்டு என்ற விபிஎன் வசதியானது. ஆனால் இந்த இரண்டுக்கும் வீட்டு இணைப்புக்கு வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரி வேண்டும். நம் ஊர் இணைய நிறுவனங்கள் பலவும் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருவதால், ரவுட்டரில் என்ன திறந்தாலும் பலர் வீட்டில் எட்டாது. அப்போது கைகொடுப்பது டோர் என்ற அடையாளம் மறைக்கும் வலையமைப்பு. நடுநிரலை டோரின் மறைசேவையாக வைத்தால், 56 எழுத்துகள் கொண்ட ஒரு முகவரி கிடைக்கும். டோர் தானே உள்ளிருந்து வெளியே இணைப்பு எடுப்பதால் ரவுட்டரைத் தொடவே வேண்டியதில்லை. வேகம் குறைவுதான், நான்கு எண்களைப் பார்ப்பதற்கு அது போதும்.

அம்ப்ரெல், ராஸ்பிபிளிட்ஸ், ஸ்டார்ட்9 போன்றவை இதையெல்லாம் தயாராகத் தருகின்றனவே. நாமே எழுதுவது வீண் வேலை இல்லையா?
– தஞ்சாவூர் வாசகர்

பார்ப்பதுதான் நோக்கம் என்றால் வீண் வேலைதான். அவற்றில் ஒன்றை நிறுவிவிடுங்கள். ஏற்கெனவே ஓடும் நோடைக் கலைக்காமல் தொகுதிகளையும் பரிவர்த்தனைகளையும் மட்டும் புரட்டிப் பார்க்க வேண்டுமானால், பிடிசி ஆர்பிசி எக்ஸ்ப்ளோரர் என்ற நிரல் போதும். அது மேலே சொன்ன நடுநிரல் அமைப்பிலேயே, 3002 போர்ட்டில் ஓடும். எழுதிக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்காகத்தான் இந்தப் பக்கங்கள்.

ஒவ்வொரு தொகுதியிலும் சுரங்கக்காரர்கள் எழுதிவைக்கும் வாசகத்தைப் படித்து என் பக்கத்தில் காட்டுகிறேன். முதல் தொகுதியில் 2009 ஜனவரி 3ஆம் தேதி நாளிதழின் தலைப்புச் செய்தி தெரிவது மெய்சிலிர்க்க வைக்கிறது. இதில் ஆபத்து ஒன்றும் இல்லையே?
– சேலம் வாசகர்

அந்தச் சிலிர்ப்பு எனக்கும் உண்டு. ஆனால் அங்கே பிட்காயினை உருவாக்கிய சடோஷி எழுதியதைப் போலவே, கட்டணம் கொடுக்கிற எவரும் சங்கிலியில் எதையும் எழுதலாம். ஸ்கிரிப்ட் ஓட்டும் எச்டிஎம்எல் குறியையும் எழுதலாம். அதை நீங்கள் அப்படியே பக்கத்தில் ஒட்டினால், உள்நுழைந்த நிலையிலுள்ள உங்கள் உலாவியில் அந்நியரின் நிரல் உங்கள் பெயரில் ஓடும். சங்கிலியில் ஏறியதை அழிக்கவும் முடியாது. இன்னர்எச்டிஎம்எல் வழியாக ஒட்டாமல், டெக்ஸ்ட்கன்டென்ட் வழியாக வெறும் எழுத்தாக வையுங்கள். அண்டை நோடுகள் தங்களைப் பற்றிச் சொல்லும் பெயரில் கோணக் குறிகளை பிட்காயின் கோரே வடிகட்டிவிடுகிறது; தொகுதியின் உள்ளடக்கத்தை அது தொடுவதில்லை, தொடவும் கூடாது.

எல்லாம் ஆயிற்று. இனி பக்கத்தில் 'அனுப்பு' என்ற பொத்தானையும் வைக்க விரும்புகிறேன்.
– நாகர்கோவில் வாசகர்

இங்கேதான் வேகத்தைக் குறைக்கச் சொல்வேன். பணப்பையை வாலட்பாஸ்ஃப்ரேஸ் கட்டளையால் அறுபது விநாடி திறந்தால், அந்த அறுபது விநாடியும் ஆர்பிசிக்குள் வரமுடிந்த எல்லோருக்கும் அது திறந்திருக்கிறது. இணையப் படிவத்தில் தட்டச்சிடும் கடவுச்சொல் உலாவி, நடுநிரல், ஒருவேளை பதிவேட்டுக் கோப்பு என்று மூன்று இடங்களைத் தொட்டுத்தான் நோடை அடைகிறது.

சாவியை நோடில் வைக்காமலே பொத்தானை வைக்க வழி இருக்கிறது. மறைசாவி இல்லாத, பார்க்க மட்டும் உரிய பணப்பையை நோடில் உருவாக்கி, உங்கள் வன்பொருள் பணப்பையின் (மறைசாவியைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் சிறு கருவியின்) பொதுச்சாவி விவரத்தை அதில் ஏற்றுங்கள். பொத்தானை அழுத்தியதும் நடுநிரல் வாலட்கிரியேட்ஃபண்டட்பிஎஸ்பிடி என்ற கட்டளையால் கையொப்பமிடாத பரிவர்த்தனை ஒன்றைத் தயாரிக்கட்டும். பிப் 174 என்ற பிட்காயின் மேம்பாட்டு முன்மொழிவு வரையறுக்கும் பிஎஸ்பிடி வடிவில் அது ஒரு கோப்பாகவோ கியூஆர் படமாகவோ வெளியே வரும். வன்பொருள் கருவி தன் சொந்தத் திரையில் பெறுநர் முகவரியையும் தொகையையும் காட்டும். நீங்கள் அங்கே சரிபார்த்து அழுத்தினால்தான் கையொப்பம். கையொப்பமிட்டது பக்கத்துக்குத் திரும்பி வந்ததும் நடுநிரல் அதை நோடு வழியாக வலையமைப்பில் வெளியிடும். நடுநிரலை யாராவது கைப்பற்றினாலும், அவர்களால் தவறான முகவரியைத் தயாரித்துத்தான் தர முடியும். கருவியின் திரையில் அது அப்படியே தெரிந்துவிடும். தொகையையும் முகவரியின் எல்லா எழுத்துகளையும் அந்தச் சிறு திரையில் படிக்கிற பொறுமை உங்களுக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் உங்கள் கணினிக்குள்ளேயே ஓடும் சோதனை வலையான ரெக்டெஸ்டில், 18443 போர்ட்டில், மதிப்பில்லாத நாணயங்களைக் கொண்டு ஒரு வாரம் அனுப்பிப் பழகுங்கள்.

கடைசித் தொகுதி 'மைனஸ் 3 நிமிடங்களுக்கு முன்' வந்தது என்று என் பக்கம் காட்டுகிறது!
– கரூர் வாசகர்

தொகுதியின் நேரத்தைச் சுரங்கக்காரரின் கணினி எழுதுகிறது. முந்தைய 11 தொகுதிகளின் நடுநேரத்தைவிடப் பிந்தியதாகவும், நம் நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் எதிர்காலத்துக்குப் போகாமலும் இருந்தால் நோடு ஏற்றுக்கொள்ளும். எனவே எதிர்காலத்திலிருந்து வரும் தொகுதிகள் விதிப்படி செல்லுபடியாகும். சுழியத்துக்குக் கீழே போனால் 'இப்போதுதான்' என்று எழுதிவிடுங்கள்.